‘கவர்மென்ட் ஆபீஸிலிருந்து பேசுகிறோம்’ என்று கால் வந்தால்: நீலகிரி வீடுகளுக்கு ஒரு கையேடு

போலீஸ், சிபிஐ, கஸ்டம்ஸ், டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்), ஈபி, பென்ஷன் ஆபீஸ். கூப்பிடுகிறவன் எந்தப் பெயரைச் சொன்னாலும் அவனுக்கு உங்களிடம் வேண்டியது இரண்டுதான். நீங்கள் ஃபோனை வைக்கக் கூடாது. பக்கத்தில் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று உடைந்தாலும் அவன் வேலை நடக்காது.

மலையில் இது அவனுக்குச் சுலபமாகிவிடுகிறது. பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்க, தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் வீட்டில் வயதான இருவரோ ஒருவரோதான் இருக்கிறார்கள். மழை பிடித்துக்கொண்டால் நாள் முழுக்க யாரும் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. வெலிங்டன், குன்னூர், அருவங்காடு பக்கம் ராணுவத்திலும் தொழிற்சாலையிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. ஓய்வுப் பணம் பெரும்பாலும் ஒரே வங்கிக் கணக்கில், ஒரே எஃப்டியில் கிடக்கிறது.

அதனால் வீட்டில் எல்லோரும் பிடித்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றுதான்: வந்த காலில் எந்த வேலையையும் முடிக்கக் கூடாது. வைத்துவிட்டு, உங்களுக்கு முன்பே தெரிந்த எண்ணுக்கு நீங்களே கூப்பிட வேண்டும். அவன் கொடுக்கும் எண், அவன் அனுப்பிய மெசேஜில் உள்ள எண், கூகுளில் முதலில் வந்து நிற்கும் எண் மூன்றும் வேண்டாம். பாஸ்புக், ஈபி அட்டை, ஏடிஎம் கார்டின் பின்புறம், பென்ஷன் ஆணை இவற்றில் அச்சடித்திருக்கும் எண் மட்டும்.

கால் வந்த அந்த நிமிடம்

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “எதுவா இருந்தாலும் தபால்ல அனுப்புங்க, நான் நேர்ல ஆபீஸுக்கு வர்றேன்.” சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

“நீ யாரு, எந்த ஸ்டேஷன், ஐடி கார்டு காட்டு” என்று மடக்கப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். வேண்டாம். அடையாள அட்டை, முத்திரை, கோர்ட் உத்தரவு எல்லாம் தயாராக வைத்துக்கொண்டுதான் அவன் பேசுகிறான். நீங்கள் கேட்கக் கேட்க லைனில் இருக்கும் நேரம்தான் கூடும்.

உங்கள் பெயர், அப்பா பெயர், ஆதாரின் கடைசி நான்கு எண், பென்ஷன் எண் வரை சரியாகச் சொல்வான். ஜெராக்ஸ் கடையிலிருந்து இணையத்தில் கசிந்த பட்டியல் வரை இந்த விவரங்கள் எங்கெங்கோ கிடக்கின்றன. விவரம் தெரிந்திருப்பதால் அவன் அதிகாரி ஆகிவிட மாட்டான். ஃபோன் திரையில் தெரியும் எண்ணும் பெயரும்கூட ஆதாரம் ஆகாது. வெளிநாட்டிலிருந்து பேசிக்கொண்டே இந்திய எண்போலக் காட்ட முடியும். வாட்ஸ்அப்பில் போலீஸ் சின்னத்தைப் படமாக வைக்க ஒரு நிமிடம் போதும்.

வங்கிகளும் அரசுத் துறைகளும் பேசுவதற்கென்று 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயருக்குப் பின் கோடு போட்டு ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது அரசுத் துறை அனுப்பியது. தெரிந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் ஊரில் விஏஓவும் லைன்மேனும் வங்கி மேனேஜரும் சாதாரண செல்லிலிருந்துதான் பேசுகிறார்கள். ஆகவே எண்ணைப் பார்த்து முடிவு செய்வதைவிட, யாராக இருந்தாலும் வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுவதே உறுதியான வழி. உண்மையான விஏஓ அதற்குக் கோபப்பட மாட்டார்.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’

அதிகப் பணமும் அதிக மனஉளைச்சலும் போவது இதில்தான். பெரும்பாலும் பதிவு செய்த குரலில் தொடங்கும்: “உங்கள் மொபைல் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரத்துக்கு 9-ஐ அழுத்தவும்.” டிராய் எந்தச் சந்தாதாரரையும் கூப்பிட்டு இணைப்பைத் துண்டிப்பதாகச் சொல்வதில்லை. சில சமயம் ‘உங்கள் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள்’ என்று கூரியர் பெயரில் வரும். அடுத்து ‘மும்பை போலீஸுக்கு மாற்றுகிறோம்’ என்பார்கள். பிறகு வீடியோ கால். எதிரே காக்கிச் சட்டை, பின்னால் சிங்கமுகச் சின்னம், மேஜையில் கொடி, பக்கத்து அறையிலிருந்து வயர்லெஸ் சத்தம். ஒருவன் மிரட்டுவான்; இன்னொருவன், “பெரியவரே, உங்களைப் பார்த்தா நல்ல குடும்பம்னு தெரியுது, நான் காப்பாத்துறேன்” என்பான். கேமராவை அணைக்காதே, அறைக் கதவைச் சாத்து, மகனிடம் சொன்னால் அவனையும் கேஸில் சேர்ப்போம் என்று மணிக்கணக்கில், நாள்கணக்கில்கூட உட்கார வைப்பார்கள்.

சட்டம் சொல்வது இது. ஃபோனிலோ வீடியோவிலோ கைது செய்வது என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் அதில் சேராது. விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் மறைந்து உதிக்கும் வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது. அந்த விதிவிலக்குக்கும் மாஜிஸ்திரேட் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லிப் போலீஸ் கொடுக்கும் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35-வது பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. உண்மையாகவே கேஸ் இருந்தால் ஆள் நேரில் வருவார். உங்கள் எல்லைக்குட்பட்ட ஸ்டேஷனில் கேட்டால் தெரியும்.

அடுத்தது பணம். “உங்கள் கணக்கை ஆர்பிஐ சரிபார்க்க வேண்டும், முழுத் தொகையையும் இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள், பரிசோதித்துத் திருப்பிவிடுவோம்” என்பார்கள். ஆர்பிஐ பொதுமக்கள் பணத்தை வாங்கிப் பரிசோதிப்பதே இல்லை. இந்த இடத்தில் அவர்கள் கொடுத்த கணக்கின் பெயரை ஒருமுறை நிதானமாகப் படித்தால் போதும். ‘ஏதோ ஒரு டிரேடர்ஸ்’, ‘ஏதோ ஒரு எண்டர்பிரைசஸ்’ அல்லது கேள்விப்படாத ஒரு தனி ஆளின் பெயர் இருக்கும். ஐஎஃப்எஸ்சி எண்ணைப் பார்த்தால் அந்தக் கிளை வேறு மாநிலத்து ஊரில் இருக்கும். அரசாங்கப் பணம் அப்படிப்பட்ட கணக்குக்குப் போகாது.

வங்கிக்கு நேரில் போய் எஃப்டியை உடைத்து ஆர்டிஜிஎஸ் செய்யச் சொல்லும்போது, “மேனேஜர் கேட்டால் பேத்தி கல்யாணம், வீடு வாங்குகிறோம் என்று சொல்” என்று பாடமும் எடுப்பார்கள். அதிகாரி என்று சொல்பவர் உங்களைப் பொய் சொல்லச் சொன்னால் அங்கேயே விஷயம் வெளுத்துவிட்டது. கவுன்டரில் நிற்பவரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே சந்தேகம் வந்துவிட்டால் ஃபோனை ஸ்விட்ச் ஆஃப் செய்யுங்கள். மலையில் சிக்னல் போவது அன்றாடம் நடப்பது; அதற்காக யாரும் யாரையும் கைது செய்ததில்லை. பிறகு வீட்டுக்குள் உட்காராமல் பக்கத்து வீடு, டீக்கடை, ரேஷன் கடை, தேயிலை எடை போடும் லீஃப் ஷெட் என்று மனிதர்கள் இருக்கும் இடத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. மாட்டியவர்களில் படித்தவர்களும் பெரிய பதவியில் இருந்தவர்களும் உண்டு.

கரண்ட் பில் மெசேஜ்

‘முந்தைய பில் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்.’ கீழே ஒரு செல் எண். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி கார்த்திகை மழையிலும் மரம் விழுந்து கரண்ட் போவது சகஜம். அந்த நேரம் பார்த்து மெசேஜ் வந்தால் உண்மை என்றே தோன்றும்.

கூப்பிட்டால் என்ன நடக்கும்? “பத்து ரூபாய் மட்டும் கட்டி அப்டேட் பண்ணுங்க” என்று சொல்லி ஒரு ஆப்பை இறக்கச் சொல்வான். அது உங்கள் திரையை அவனுக்குக் காட்டும் ஆப். பத்து ரூபாய்க்கு நீங்கள் அழுத்தும் பின் நம்பர், வரும் ஓடிபி இரண்டும் அவன் கண்ணில் படும். அதன்பின் கணக்கு துடைத்துவிடப்படும்.

ஈபி அட்டையில் உள்ள சர்வீஸ் நம்பரை வைத்து மின்வாரிய ஆப்பிலோ கவுன்டரிலோ பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-க்கும் பேசலாம். நிஜமாகவே பாக்கி இருந்தாலும் காலையில் போய்க் கட்டினால் போயிற்று. தாமதத்தால் போவது சொற்பப் பணம்.

பென்ஷன், பிஎம் கிசான், வண்டி அபராதம்

மத்திய அரசு, ராணுவ ஓய்வூதியர்களுக்கு நவம்பர் வாழ்நாள் சான்று மாதம். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். இதையொட்டி ‘சான்று பதிவாகவில்லை, பென்ஷன் நிற்கும், ஓடிபி சொல்லுங்கள்’ என்று கால் வரும். வாழ்நாள் சான்றை ஃபோன் பேச்சில் யாரும் பதிவு செய்ய முடியாது. வங்கி, தபால்காரர், இ-சேவை மையம், உங்கள் சொந்த ஃபோனில் முக அடையாள ஆப் இவைதான் வழக்கமான வழிகள். ராணுவ ஓய்வூதியர்கள், தங்கள் பென்ஷன் தளமான ஸ்பர்ஷ் பெயரில் வரும் கால்களுக்கும் இதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பர்ஷ் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் யாரிடமும் சொல்லக் கூடாது.

பிஎம் கிசான் தவணை ரூ.2,000 வீதம் ஆண்டுக்கு மூன்று முறை நேராகக் கணக்குக்கு வரும். பணம் வாங்க யுபிஐ பின் போடவே தேவையில்லை. பின் கேட்டால் அது உங்கள் பணத்தை எடுக்கத்தான். சந்தேகம் இருந்தால் பிஎம் கிசான் உதவி எண் 155261.

டிஎன் 43 வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது வாட்ஸ்அப்பில் ‘ஆர்டிஓ சலான்’ என்று வரும் கோப்பு. பெயரின் கடைசியில் ‘ஏபிகே’ என்று இருந்தால் அது படமோ ரசீதோ இல்லை, ஃபோனுக்குள் நுழைந்து எஸ்எம்எஸ் படிக்கும் செயலி. அபராதம் இருக்கிறதா என்று பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் விருந்தினரிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸ் இலவசம், பணம் கேட்கும் எந்த லிங்க்கும் போலி.

ஏபிகேவைத் தெரியாமல் இறக்கிவிட்டால் முதலில் ஃபோனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கட்டும். வேறொருவர் ஃபோனிலிருந்து வங்கிக்குப் பேசி யுபிஐ, நெட்பேங்கிங் இரண்டையும் நிறுத்துங்கள். பிறகு அந்தச் செயலியை நீக்குங்கள். நீக்க விடாமல் மறுத்தால் செட்டிங்ஸில் ‘டிவைஸ் அட்மின்’ பட்டியலில் அதன் அனுமதியை எடுத்துவிட்டு நீக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட். கடைசியாக ஏரோபிளேன் மோடை எடுத்துவிட்டு ##002# டயல் செய்யுங்கள். உங்கள் கால்களை வேறு எண்ணுக்குத் திருப்பிவிட்டிருந்தால் ரத்தாகும். யாராவது *401* என்று தொடங்கி ஒரு எண்ணைச் சேர்த்து டயல் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். ஓடிபி கால்கள் அவனுக்குப் போவதற்கான தந்திரம் அது.

முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

பென்ஷன், எஃப்டி உள்ள கணக்கில் யுபிஐ வேண்டாம். கடைக்குச் செலவு செய்ய இன்னொரு சிறு கணக்கு தொடங்கி, மாதச் செலவுப் பணத்தை மட்டும் அதில் போட்டு, யுபிஐயை அதோடு இணையுங்கள். நெட்பேங்கிங்கில் ஒருநாள் பரிமாற்ற வரம்பை எவ்வளவு குறைக்க முடியுமோ குறைத்து வையுங்கள். எஃப்டியை ஆன்லைனில் முறிக்க முடியாதபடி வைக்கலாமா என்று கிளையில் கேளுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இத்தனையும் முடிந்துவிடும். அப்போதே அம்மா அப்பாவிடம், “ரகசியம்னு யார் சொன்னாலும் முதல்ல என்கிட்ட சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்” என்றும் சொல்லுங்கள். திட்டு விழும் என்ற பயத்தால் மறைத்தவர்கள்தான் இரண்டாம் முறையும் பணம் அனுப்புகிறார்கள்.

ஃபோன் சார்ஜ் போடும் இடத்துக்கு மேலே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் 1930 (சைபர் மோசடிப் புகார் எண்), வங்கிக் கிளை எண், உள்ளூர் ஸ்டேஷன் எண், பிள்ளைகளில் ஒருவர் எண், பக்கத்து வீட்டு எண் எழுதி ஒட்டுங்கள். ஃபோனை அணைத்துவிட்டால் அதற்குள் இருக்கும் எண்கள் உதவாது.

பணம் போய்விட்டால்

முதல் வேலை 1930. எந்த ஃபோனிலிருந்தும் கூப்பிடலாம். போன பணம் சில மணி நேரத்தில் பல கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடும். அதற்கு முன் தகவல் போனால் வழியில் நிறுத்தி வைக்க முடியும். அழைக்கும்போது உங்கள் கணக்கு எண், போன தொகை, தேதி, நேரம், பரிவர்த்தனை எண், அவன் பேசிய எண் கையில் இருக்கட்டும். யுபிஐ பரிவர்த்தனை எண் 12 இலக்கம், ஆர்டிஜிஎஸ்ஸுக்கு 22 எழுத்தும் எண்ணும். மெசேஜிலோ வங்கி ரசீதிலோ இருக்கும். அவர்கள் தரும் பதிவு எண்ணை எழுதி வைத்து, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் ஒரு நாளுக்குள் புகாரை முழுமையாக்குங்கள்.

லைன் கிடைக்கவில்லையா? ஒருவர் 1930-க்கு முயன்றுகொண்டே இருக்க, இன்னொருவர் வங்கிக்குப் பேசட்டும். பந்தலூரிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ ஊட்டி சைபர் கிரைம் போலீஸுக்குப் பஸ் ஏறிப் போவது இதற்கெல்லாம் பிறகு. முதலில் பக்கத்து ஸ்டேஷனே போதும். எல்லை வேறு என்று சொன்னால் ஜீரோ எஃப்ஐஆர் (எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதியும் வழக்கு) கேளுங்கள். பாஸ்புக் நகல், ஸ்கிரீன்ஷாட், கால் பட்டியல் எடுத்துப் போங்கள். வெறுப்பில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

பணம் போகாமல் கால் மட்டும் வந்திருந்தாலும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ பகுதியில் அந்த எண்ணைப் பதியலாம். ஆதார் படம் அனுப்பிவிட்டிருந்தால், உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று அதே தளத்தில் பார்த்து, தெரியாததை முடக்கச் சொல்லுங்கள். ஆதாரின் கைரேகையைப் பூட்டவும் முடியும்; உதவிக்கு 1947.

சில வாரம் கழித்து இன்னொரு கால் வரும். “சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்கச் சிறு கட்டணம்.” ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு பேசும் அதே கூட்டம்தான். நிறுத்தி வைத்த பணம் வங்கி, போலீஸ், நீதிமன்றம் வழியாகத்தான் திரும்பும். அதற்கு யாரும் கட்டணம் கேட்டுக் கூப்பிட மாட்டார்கள். கேட்டால் அந்த எண்ணையும் பழைய புகாரின் பதிவு எண்ணோடு சேர்த்து 1930-இல் சொல்லுங்கள்.