குழந்தைக் கையுறையின் வரலாறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஸ்லாந்தில் ஆக்ரானெஸ் ஊருக்கு அருகே உள்ள ஹேனெஸ் என்ற இடத்தில் 1960-இல் ஒரு ஜோடிக் குழந்தைக் கையுறைகள் கிடைத்தன. வயது சுமார் ஆயிரம் ஆண்டுகள். கட்டைவிரலுக்குத் தனி உறை, மற்ற நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஒரே பை. இரண்டையும் ஒரு கயிறு இணைக்கிறது. அது ஒரு சட்டைக்கைக்குள் நுழைந்து தோள்வழியே மறு கைக்கு வரும். குழந்தை கழற்றிவிட்டாலும் கையுறை பனியில் தொலையாது. எனவே கயிறு கட்டிய கையுறையை இக்காலக் கண்டுபிடிப்பு என்று தயவுசெய்து எழுதாதீர்கள். எந்தத் தாயின் யோசனையோ அது! அந்தக் கயிற்றின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

அடிக்கடி நேரும் தவறு, பழைய கம்பளிக் கையுறை என்றாலே ‘பின்னியது’ என்று சொல்லிவிடுவது. ஹேனெஸ் ஜோடி, நெய்த கம்பளித் துணியை வெட்டித் தைத்தது. வட ஐரோப்பிய நாடுகளில் ஒற்றை ஊசியால் கண்ணி கண்ணியாகக் கோக்கும் முறையும் இருந்தது. அதில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நூல் முழுவதையும் இழுத்தாக வேண்டும். அதனால் ஓரிடத்தில் அறுந்தாலும் பிரிந்து வராது. இரண்டோ அதற்கு மேலோ ஊசிகள் கொண்டு பின்னியதிலோ அறுந்த நுனியை இழுத்தால் வரிசை வரிசையாகக் கழன்றுவிடும். லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 16-ஆம் நூற்றாண்டுக் குழந்தைக் கையுறை இந்த இரண்டாம் வகை. நூல் போகும் வழியைப் பார்க்காமல் பெயர் சூட்டுவது சரியில்லை.

காலக்கணிப்பிலும் அவசரம் ஆகாது. ஸ்வீடனின் ஓஸ்லெ சதுப்பில் 1918-இல் கிடைத்த ஒற்றை ஊசிக் கையுறையை 3-ஆம் நூற்றாண்டு வாக்கிலானது என்று நெடுங்காலம் நம்பினார்கள். பிற்பாடு செய்த கார்பன் சோதனை அதை 16, 17-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. பழைய கணிப்பை இன்றும் அப்படியே எடுத்தெழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கையுறை குளிருக்கு மட்டுமே என்பதும் தவறு. எகிப்தின் பண்டைய மன்னர் துட்டன்காமனின் கல்லறையில் லினன் கையுறைகள் பல இருந்தன. சிறுவனின் கைக்கு ஏற்ற அளவிலும் இருந்தது. ஏறத்தாழ ஒன்பது வயதில் அரியணை ஏறியவர் அல்லவா?

தமிழில் எழுதுவோர் சொல்லிலும் கவனம் வைக்க வேண்டும். சங்கப் பாடல்களின் சூழலைச் சொல்லும் துறைக்குறிப்புகளில் ‘கையுறை’ என்று கண்டதும் அக்காலத் தமிழர் கைக்கு உறை அணிந்தார்கள் என்று கிளம்பிவிடக் கூடாது. தலைவன் தோழியிடம் காணிக்கையாக நீட்டும் பூவும் தழையுமே அங்கே கையுறை.