அம்மம்மாவின் நினைவு மலரைத் தொகுப்பது எப்படி

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில், ஒருவர் காலமான முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருவோருக்கு நினைவு மலர் வழங்குவது வழக்கம். ‘கல்வெட்டு’ என்று நாம் சொல்லும் அந்தச் சிறு நூலில் சிவபுராணமும், மறைந்த திதியைப் பாடும் திதி வெண்பாவும், நன்றி நவிலலும் தவறாமல் இருக்கும். ஆனால் வீட்டைத் தாங்கி நின்ற ஒரு மூதாட்டியின் வரலாறு, இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்ற மூன்று வரிகளோடு முடிந்துவிடுவதைப் பல மலர்களில் கண்டிருக்கிறேன். என் அம்மம்மாவுக்கு நாங்கள் எழுதிய முதல் வரைவும் அப்படித்தான் இருந்தது. அவர் தாமே எடுத்த முடிவுகளையும் தம் கையால் செய்த வேலைகளையும் தேடி எழுதுங்கள் என்பதே மலர் தொகுக்கப்போகும் உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள்.

முதலில் திகதிகளை உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும். பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். சாதகக் குறிப்பில் வேறு நாள் இருந்தால் இரண்டையும் பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள். மறைந்த மாதம், பட்சம், திதி ஆகியவற்றை ஐயரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுத் திவசத்துக்கும் அவையே வேண்டும்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு உறவினர் கூடும் நாளே விசாரிக்க ஏற்ற நாள். கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்களிடம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகக் கேட்டு வாங்கலாம். “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமான மனிசி” என்ற பதிலே எல்லோரிடமிருந்தும் வரும். அதைவிட, ஊருக்கே நினைவிருக்கும் ஒரு காலத்தைச் சொல்லி, அப்போது அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் போரினால் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது அவர் கையில் எதை எடுத்துக்கொண்டார், யாரை முன்னே நடக்கவிட்டார், திரும்பி வந்ததும் முதலில் எந்த வேலையைத் தொடங்கினார் என்று கேட்டால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு துண்டை எடுத்துத் தருவார்கள்.

எங்களுக்கு அப்படிக் கிடைத்த செய்தியை என் அம்மாகூட அறிந்திருக்கவில்லை. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தபோது, கணவனை இழந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத அம்மம்மா, பக்கத்துக் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் நட்டிருக்கிறார். விதை வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டி அடுப்படிக் கூரை வளையில் தொங்கவிட்டதையும், இறைப்பு முறைக்காக விடியுமுன் கிணற்றடிக்குப் போனதையும் அயல்வீட்டு ஆச்சி ஒருவரே சொன்னார். ஆகவே சொந்தக்காரரோடு நின்றுவிடாமல் அயலவரையும் கட்டாயம் கேளுங்கள்.

பெட்டகத்தில் உள்ள காணி உறுதிகளையும், அதாவது காணிப் பத்திரங்களையும், எடுத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி சீதனச் சொத்து பெண்ணுக்கே உரியது என்பதால், வேறு காணித் தாள்களில் இல்லாவிட்டாலும் அவர் பெயர் சீதன உறுதியில் முழுமையாக இருக்கும். எந்த ஆண்டில், யாருடைய படிப்புக்காக அல்லது பயணத்துக்காக அந்தக் காணி விற்கப்பட்டது என்பதும் அடுத்த உறுதியிலிருந்து தெரியவரும்.

அவருடைய ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) கூழையும் மலரில் சேர்க்க விரும்பினால், அவரோடு சமைத்த மகளை ஒருமுறை காய்ச்சச் சொல்லி, அருகில் நின்று அளவு குறித்துக்கொள்ளுங்கள். அவர் சுண்டு என்ற அளவையால் அளந்திருந்தால் சுண்டென்றே எழுதுங்கள். அவர் அடிக்கடி சொன்ன வார்த்தைகளையும் செந்தமிழாக்காமல், அவர் வாயில் வந்தபடியே போடுங்கள்.

துயரமான செய்திகளில் மிகுந்த கவனம் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் பெயருக்கு முன் ‘காலஞ்சென்ற’ என்று அச்சகத்தார் வழக்கப்படி சேர்த்துவிடக்கூடும். அந்தத் தாய் இறுதிவரை அவன் வருவான் என்றே சொல்லியிருந்தால், அந்தச் சொல்லைச் சேர்க்க நமக்கு உரிமையில்லை. உயிரோடிருப்பவர்களைப் பற்றிய பகுதிகளை அச்சுக்கு முன் அவர்களிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் பெறுங்கள்.

நடுவில் கம்பி அடிக்கும் நூலுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதால், அச்சகத்துக்குப் போகுமுன் எண்ணிப் பாருங்கள். பிரதியொன்றை, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கும் நூலக நிறுவனத்துக்கு அனுப்பினால், ஏனைய நினைவு மலர்களோடு இதையும் எண்ணிம வடிவில் பாதுகாக்க வழியுண்டு. மலருக்காக எடுத்த பழைய படங்களைத் திருப்பி வைக்குமுன், அயல்வீட்டு ஆச்சியைப் போன்றவர்கள் அடையாளம் காட்டும் பெயர்களை ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் மெதுவாக எழுதிவிடுங்கள்.