மேகம் வராத மாடல்: கலிஃபோர்னியா கரையில் நான் செய்த தவறுகள்

வானிலையைக் கணினியில் கணக்கிடும் மாடலோடுதான் எங்கள் பிழைப்பு. போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வந்து, "ஒரு கிலோமீட்டர் கிரிட்ல ஓட்டியும் மேகம் வரலை சார்" என்றார். வரைபடத்தை ஒரு கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்து மாடலை ஓட்டியிருக்கிறார். அந்த 'ஓட்டியும்' என்ற வார்த்தையிலேயே வியாதி தெரிந்துவிட்டது. ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கோடையில் கலிஃபோர்னியா கரையோரம் வடமேற்குக் காற்றுதான் வழக்கம். சில நாள் அது தெற்குக் காற்றாகத் திரும்பும். கூடவே தாழ்ந்த படை மேகம் நாக்கை நீட்டியதுபோல் கரையை ஒட்டி வடக்கே ஏறும். ஒரு பக்கம் கரையோர மலை, மறுபக்கம் பூமிச் சுழற்சியின் தள்ளல். குளிர்ந்த காற்று கரையை விட்டு விலக வழியில்லை. 1994 ஜூன் 10, 11 தேதிகளில் வந்ததை நிறையப் பேர் அலசியிருக்கிறார்கள்; பழகுவதற்கு நல்ல கேஸ்.

கோப்பின் பெயரை மாற்றி எழுதுவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

கிடைமட்டத்தை மட்டும் இறுக்குவது

அந்தக் கரையில் கடல் தண்ணீர் சில்லென்று இருக்கும். மேலே, இறங்கிச் சூடான காற்று. நடுவே மூடிபோல் ஒரு இன்வெர்ஷன்: நூறு இருநூறு மீட்டர் ஏறுவதற்குள் வெப்பம் பத்து டிகிரி கூடிவிடலாம். மூடியின் அடிப்பக்கம் பல நாள் 300 முதல் 500 மீட்டர் உயரத்திலேயே இருக்கும். மேகம் அதன் கீழேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். மாடல் காற்றை உயரவாக்கில் அடுக்கடுக்காகப் பிரித்துத்தான் கணக்கிடும்; அந்த உயரத்தில் அடுக்குகள் இருநூறு மீட்டருக்கு ஒன்று என்றிருந்தால், மேகம் இரண்டுக்கும் நடுவே காணாமல் போகும்.

இது புரியாமல் நான் 9 கிலோமீட்டரிலிருந்து 3க்கும், அங்கிருந்து 1க்கும் போனேன். ஒவ்வொரு தடவையும் கட்டங்கள் ஒன்பது மடங்கு, நேரப்படி (ஒவ்வொரு கணக்கிலும் மாடல் தாண்டும் நேரம்) மூன்றில் ஒரு பங்கு, ஆக செலவு 27 மடங்கு. குழுவுக்கு மூன்று மாதத்துக்கென்று கொடுத்த கணினி நேரத்தைப் பதினெட்டு நாளில் தின்று தீர்த்தேன். மலை மடிப்பெல்லாம் அழகாக வந்தது. மேகம் மட்டும் வரவில்லை.

அப்புறம் ஒரு மூத்தவர், "ஆயிரம் மீட்டருக்குக் கீழ எத்தனை அடுக்கு?" என்று கேட்டார். எண்ணினேன்: ஏழு. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் விட்ட பலூன் அளவீட்டின் வெப்பக் கோடு முழங்கை மடக்கியதுபோல் திரும்பியிருந்தது. என் மாடலின் கோடு சறுக்குமரம்போல் வழுக்கிக்கொண்டு போனது. 3 கிலோமீட்டருக்கே திரும்பி, அடுக்குகளை இரட்டித்து, அவற்றில் இருபத்திரண்டை ஆயிரம் மீட்டருக்குள் வைத்தேன். செலவு ஏறக்குறைய இரண்டே மடங்கு. மறுநாள் மேகம் நாக்கை நீட்டிக்கொண்டு வந்து நின்றது.

இன்றைக்கும் பலருடைய முதல் ஸ்லைடில் '1 கி.மீ.' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அடுக்குக் கணக்கு எங்கேயும் இருக்காது. எரிச்சலாக வருகிறது.

(செங்குத்தான மலை மேல் அடுக்குகளை நெருக்கினால் மாடல் வெடிக்கலாம், அதாவது எண்கள் தாறுமாறாகிக் கணக்கு நின்றுபோகலாம். நேரப்படியைக் குறையுங்கள்.)

வடக்கை வெட்டிவிடுவது

மேகம் தெற்கிலிருந்து வருகிறதென்று மாடல் பரப்பின் வடக்கு எல்லையைச் சுருக்கிவிடுகிறார்கள். வடக்கே நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைப்பதுதான் எல்லாவற்றையும் கிளப்பிவிடுகிறது. ஒரெகான் கரையும் உள்ளே இருக்கட்டும்.

கடல் வெப்பம்

கரையோரக் குளிர் நீர்ப் பட்டை சில பத்துக் கிலோமீட்டர் அகலம்தான். பெரிய பெரிய கட்டங்களாக உள்ள கடல் வெப்பத் தரவில் அது கரைந்து போய்விடும்.

நேரம்

மாடலில் வருவது உலக நேரம் (UTC); அதில் 00 மணி என்றால் கோடையில் அங்கே முந்தைய நாள் மாலை 5.

மிதவையோடு ஒப்பிடுவது

கடலில் காற்றை அளக்க விட்டிருக்கும் பல மிதவைகளில் காற்றுமானி நான்கைந்து மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். மாடல் கொடுப்பது 10 மீட்டர் காற்று. வேகத்தை விடுங்கள், காற்று எத்தனை மணிக்குத் திரும்பியது என்று முதலில் பாருங்கள்.