இணையத்தில் பேச எந்தக் கட்டற்ற மென்பொருள்? தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

இணையவழிப் பேச உதவிய ஸ்கைப் 2025 மே 5 அன்று மூடப்பட்டதிலிருந்து எங்கள் மும்பை செம்பூர்க் குடியிருப்பின் மாமா, மாமிகள் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: "இனி எதிலப்பா பேசுவது?" ஒருவருக்குப் பாலக்காட்டில் அக்கா, இன்னொருவருக்கு நியூ ஜெர்சியில் மகள். அவரவர் வீட்டில் உட்கார்ந்து கட்டற்ற மென்பொருள்களை (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை) அமைத்துக் கொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன். செயலியை நிறுவுவதும் மைக்குக்கு அனுமதி கொடுப்பதும் உங்களுக்கே தெரியும்.

படி 1: மறுமுனையில் யார்?

அவரிடம் பொத்தான் கைப்பேசி மட்டும்தான் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு வழக்கம்போல் போன் போடுங்கள். இந்தியாவுக்குள் இணையத்திலிருந்து சாதாரண எண்ணுக்கு அழைப்பை இணைக்க உரிமம் பெற்ற நிறுவனங்களால்தான் முடியும். ஸ்கைப்பே அந்த வசதியை 2014 நவம்பரில் இங்கே நிறுத்திவிட்டது. கீழே வருபவை செயலியிலிருந்து செயலிக்குப் பேசுபவை. அவசரத்துக்கு 112-ஐ அழைக்க இவற்றை நம்ப வேண்டாம்.

படி 2: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

இரு முனையிலும் ஸ்மார்ட்போன் இருந்தால் சிக்னல் (Signal) என்ற செயலி போதும். பதிவு செய்யத் தொலைபேசி எண் கட்டாயம் என்பது ஒன்றே எனக்குப் பிடிக்காதது. அழைப்புக்குக் குறைந்த டேட்டா செலவிடும் அமைப்பு அதில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். (குர்லா தாண்டி ஓடும் ஹார்பர் லைன் ரயிலில் பேசுகிறவர்களை எந்த அமைப்பாலும் காப்பாற்ற முடியாது.)

எண்ணும் மின்னஞ்சலும் தர விரும்பாதவர்களுக்கு ஜாமி (Jami) என்ற செயலி. நடுவில் யாருடைய சர்வரிலும் கணக்கு இல்லை. கணக்கு உங்கள் கருவியிலேயே இருக்கிறது. அதனால் கடவுச்சொல்லை மறந்தாலோ கருவி தொலைந்தாலோ மீட்டுத்தர ஆள் கிடையாது. நிறுவிய அன்றே கணக்குக் கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.

குடும்பமே கூடிப் பேச ஜிட்சி மீட் (Jitsi Meet). 2023 ஆகஸ்டு முதல் அதன் பொதுத் தளத்தில் அறையைத் திறப்பவர் மட்டும் கூகுள் போன்ற ஒரு கணக்கில் நுழைய வேண்டும். மற்றவர்களுக்கு இணைப்பைத் தொட்டாலே போதும். பாட்டிக்கு இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியவில்லை.

என் சொந்தத் தேர்வு லின்ஃபோன் (Linphone). 2001 முதல் இருக்கிறது. எஸ்ஐபி (SIP) என்ற, பல மென்பொருள்களும் பின்பற்றும் பொது அழைப்பு நெறிமுறையில் இயங்குகிறது. நாளை லின்ஃபோனே மறைந்தாலும் அதே எஸ்ஐபி கணக்கை வேறொரு மென்பொருளில் போட்டுப் பேசலாம். ஸ்கைப் பழகியவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

படி 3: மணி அடிக்கிறது, குரல் வரவில்லை

லின்ஃபோனில் வேறு நிறுவனத்தின் எஸ்ஐபி கணக்கைப் போடுபவர்கள் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நாம் பேசுவது அங்கே கேட்கும், அவர் பேசுவது இங்கே கேட்காது. பலர் மைக்கைச் சந்தேகித்துப் புது ஹெட்போன் வாங்கிவிடுகிறார்கள். தேவையில்லை. அழைப்பு மணியை ஏற்படுத்தும் செய்தி ஒரு வழியிலும் குரல் வேறு வழியிலும் போகின்றன. நடுவில் உள்ள ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி (SIP ALG) என்றொரு வசதி, உதவுவதாக எண்ணி, அந்தச் செய்திக்குள் இருக்கும் முகவரியைத் திருத்திவிடும். திருத்தம் தப்பானால் குரல் போய்ச்சேர இடமில்லை.

ரவுட்டர் பக்கத்துக்குள் போய் அதை அணைத்துவிடலாம். ஆனால் மும்பையில் பாதி வீடுகளில் ரவுட்டரின் கடவுச்சொல் கேபிள்காரரிடம்தான் இருக்கும். அவரும் "நாளைக்கு வருகிறேன்" என்பார். அவருக்காகக் காத்திருக்காமல் இதைச் செய்யுங்கள்: லின்ஃபோனின் கணக்கு அமைப்பில், செய்தி எந்த முறையில் போக வேண்டும் என்று சொல்லும் டிரான்ஸ்போர்ட் (Transport) என்ற இடத்தில் யுடிபி (UDP) இருந்தால் டிஎல்எஸ் (TLS) என்று மாற்றுங்கள். போர்ட் (இணைப்பு வாயில்) எண் பெரும்பாலும் 5060-இலிருந்து 5061 ஆகும். இப்போது செய்தி மறையாக்கம் செய்யப்பட்டுப் போவதால் ரவுட்டரால் அதைப் படிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. கணக்கு கொடுத்த நிறுவனம் டிஎல்எஸ்-ஐ ஏற்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் குரல் வராவிட்டால், ரவுட்டரைத் தாண்டிக் குரலுக்கு வழி தேடித்தரும் ஐஸ் (ICE), ஸ்டன் (STUN) இரண்டையும் இயக்குங்கள். லின்ஃபோன் தளத்திலேயே இலவசக் கணக்கு எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை அரிது.

படி 4: பேட்டரி

செயலியைத் திறந்தால்தான் தவறிய அழைப்பே தெரிகிறது என்றால், கைப்பேசியின் பேட்டரி சேமிப்பு அதைத் தூங்க வைத்திருக்கிறது. பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்குங்கள். ஜாமிக்கு இது மிகவும் அவசியம்.

பிற்சேர்க்கை: துபாயில் இருக்கும் தம்பியுடன் சிக்னலில் பேச முடியவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். உங்கள் அமைப்பில் தவறில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி பெற்ற சேவைகளுக்கு மட்டுமே இணைய அழைப்பு உண்டு. போட்டிம் (Botim) அப்படிப்பட்ட ஒன்று. கட்டற்ற மென்பொருள் அல்ல, ஆனாலும் அங்கே அப்படிப்பட்டவைதான் வழி. விபிஎன் (தடையைச் சுற்றிப் போகும் இணைய வழி) போட்டுப் பார்க்கச் சொல்லித் தம்பியைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். எழுத்துச் செய்திகளுக்குச் சிக்னலை வைத்துக்கொள்ளுங்கள்.