கைப்பேசிக் கதிர்வீச்சு: பயம் ஒரு பக்கம், தவறு வேறு பக்கம்

தெருவில் செல்போன் கோபுரம் எழுந்தால் மனுக் கொடுக்க ஊரே திரள்கிறது. அதே ஊர், சிக்னல் ஒற்றைக் கோட்டில் தள்ளாடும் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசுகிறது. கோபுரத்து அலைகள் தொலைவு கூடக் கூட வேகமாக வலுவிழக்கின்றன. காதில் ஒட்டியிருக்கும் கருவிக்குத் தொலைவு ஏது? போதாக்குறைக்கு, கோபுரம் எட்டாதபோது அதைப் பிடிப்பதற்காகக் கைப்பேசி தன் திறனை உயர்த்திக்கொள்கிறது. ஆகவே லிஃப்டிலும் அடித்தள வாகன நிறுத்தத்திலும் ஓடும் ரயிலிலும் நீண்ட பேச்சைத் தவிர்ப்பதே உருப்படியான எச்சரிக்கை. பேசியே ஆக வேண்டுமென்றால் ஸ்பீக்கரையோ இயர்போனையோ பயன்படுத்தலாம்.

இது புரிந்தால் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கர் வியாபாரமும் புரிந்துவிடும். அது அலையை உண்மையிலேயே தடுத்தால் சிக்னல் குறையும், கைப்பேசி இன்னும் கூடுதலாக உழைக்கும். தடுக்காவிட்டால் காசுதான் நஷ்டம். 2020இல் மத்திய அரசின் பசு நல அமைப்பான ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக் பசுஞ்சாணச் சில்லு ஒன்றையே இதற்காக அறிமுகப்படுத்தியது. ஆதாரம் எங்கே என்று நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் கேட்டார்கள்.

கைப்பேசி வாங்கும்போது எஸ்ஏஆர் எண்ணை வைத்துப் பாதுகாப்பை அளப்பது அடுத்த தவறு. உடல் உறிஞ்சும் ஆற்றலின் அளவு அது. இந்தியாவில் 2012 முதல் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். பல கைப்பேசிகளில் *#07# அழுத்தினால் எண் தெரியும். ஆனால் அது கருவி முழுத்திறனில் இயங்கும்போது ஆய்வகத்தில் எடுத்த உச்ச அளவு. 0.9 உள்ள கைப்பேசி 1.2 உள்ளதைவிட அன்றாடம் குறைவாகத்தான் வெளியிடும் என்று சொல்ல முடியாது. வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

புற்றுநோய் விஷயத்தில் இரு தரப்பும் அவசரப்படுகின்றன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் சேர்த்தது உண்மை. புற்றுநோய் வருவதற்குச் சாத்தியம் இருக்கலாம், சான்று வலுவாக இல்லை என்பது அதன் பொருள். ஆசியப் பாரம்பரிய ஊறுகாய்க் காய்கறிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன! 2024இல் அதே அமைப்பின் ஏற்பாட்டில் வெளியான விரிவான மறுஆய்வு, கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பைக் காணவில்லை. எக்ஸ்ரேயைப் போல மரபணுவைச் சிதைக்கும் ஆற்றல் இந்த அலைகளுக்குக் கிடையாது.

இந்தக் கவலையில் மூழ்கியவர்களே கைப்பேசியைச் சார்ஜரில் மாட்டித் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறார்கள். வெப்பம் வெளியேற வழியில்லாத பேட்டரி தீப்பிடிக்கலாம். வண்டி ஓட்டியபடி பேசுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கைப்பேசியின் நிரூபணமான ஆபத்து அதுதான்.

இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர்கள் மட்டும் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைக்காமல் பேஸ்மேக்கரிலிருந்து 15 செ.மீ. தள்ளியே வைத்துக்கொள்ள வேண்டும். பேசும்போதும் எதிர்ப்பக்கக் காதுதான்.