பச்சிளம் குழந்தைக்குத் துணி மாற்ற என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

எட்டாம் மாதம் தொடங்கியதுமே இந்த வேலையில் இறங்கிவிடலாம். குழந்தை பிறக்கும் முன்பு எதையும் வாங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லும் வீடுகளிலும் இதற்குத் தடை வராது. தேவைப்படுவதில் பாதிக்கு மேல் வீட்டிலேயே இருக்கிறது. எங்கள் குழந்தைக்குச் செய்து வைத்ததையும், பிறகு சொந்தக்காரர் வீடுகளில் பிரசவத்தின்போது செய்துகொடுத்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். துணி மாற்றும்போது ஒரு கை குழந்தையின் மேலேயே இருக்க வேண்டும். தேவையானது எல்லாம் மற்றொரு கைக்கு எட்ட வேண்டும்.

முதல் படி: இடம்

தரைதான் நல்லது. இதற்கென்று கடைகளில் உயரமான மேசைகள் விற்கிறார்கள், வேண்டாம். புரளத் தெரியாத குழந்தைகூடக் காலை உதைத்து உதைத்தே நகர்ந்துவிடும். தரையில் ஒரு கோரைப்பாய், மேலே மடித்த போர்வை, அதன்மேல் ரப்பர் ஷீட், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பருத்தித் துணி. ரப்பர் ஷீட் நேரடியாகத் தோலில் பட்டால் வியர்த்துப் புழுங்கும். பாயை மின்விசிறிக்கு நேர்கீழே போடாதீர்கள்.

சிசேரியன் ஆன தாய் தரையில் உட்கார்ந்து எழுவது கடினம். அந்த வாரங்களில் துணி மாற்றும் பொறுப்பை அப்பா முழுதாக ஏற்றுக்கொள்ளட்டும்.

இரண்டாம் படி: துணி

அவசரப்படக் கூடாத படி இது. பல முறை துவைத்து நைந்த பருத்தி வேட்டியைவிட மென்மையான துணியைக் கடையில் வாங்க முடியாது. ஆனால் அந்த வேட்டி எங்கே இருந்தது என்று முதலில் கேளுங்கள்.

எங்களுக்கு வந்த வேட்டிகளில் சில பீரோவின் அடித்தட்டில் கிடந்தவை. மடிப்பைப் பிரித்ததுமே அந்துருண்டை வாடை தூக்கியது. “இரண்டு தண்ணீரில் அலசினால் போய்விடும்” என்றார் பாட்டி. அவற்றை அப்படியே திருப்பி வைத்துவிட்டோம். அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் ஆவியாகித் துணிக்குள் இறங்கிவிடும். அதைச் சுவாசித்தாலும் தோல் வழியாக உள்ளே போனாலும் சில குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் காமாலை கடுமையாகும். ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். அந்தக் குறை இருக்கிறதா என்பது பார்த்தால் தெரியாது. இரத்தப் பரிசோதனை வேண்டும். ஆகவே வாடை வரும் துணி எதுவாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். குழந்தையின் உடுப்புகள் வைக்கும் அலமாரியிலும் அந்துருண்டை போடாதீர்கள். காய்ந்த வேப்பிலை போதும்.

அடுத்து வெட்டுவது. சரிகைக் கரையை முழுதாக நீக்கிவிட்டு 60 செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். ஓர் எட்டு முழ வேட்டியில் 12 துண்டுகள் தேறும். வெட்டிய ஓரத்தை அப்படியே விடக் கூடாது. நைந்த துணியில் நூல் பிரியும். பிரிந்த நூல் குழந்தையின் கால்விரலிலோ ஆண் குழந்தையின் குறியிலோ சுற்றிக்கொண்டால் இறுக்கிப் பிடித்து இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். அம்மாவின் உதிர்ந்த தலைமுடியும் இதையே செய்யும். தையல்காரரிடம் கொடுத்து ஓரத்தை மடித்து அடித்து வாங்குங்கள். துவைத்து மடிக்கும் ஒவ்வொரு முறையும் நூல் தொங்குகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக் கத்தரித்துவிடுங்கள். குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழுதால் கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

எத்தனை துண்டுகள் வேண்டும்? துணி மட்டுமே கட்டினால் ஒரு நாளைக்கு 15 முதல் 20 முறைகூட மாற்ற வேண்டிவரும். வெயில் காலத்தில் காலையில் துவைத்தது மதியமே கைக்கு வந்துவிடும் என்பதால் 24 போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிரசவம் என்றால் துணி காய இரண்டு நாள் ஆகும். 36-க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள், அதாவது மூன்று எட்டு முழ வேட்டிகள். பெரியவர் பழக்கப்படி புதுத் துணியைத் தவிர்ப்பதில் எனக்கும் உடன்பாடுதான். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். கடையில் வாங்கும் நாடா வைத்த முக்கோண நாப்பியையும் இரண்டு முறை துவைத்த பிறகே கட்டுங்கள்.

அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பவர்கள், 2015-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் பற்றி அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். துண்டு, நாப்கின், கை கழுவும் திரவம் உட்பட 16 பொருள்கள் கொண்ட பெட்டகம் அது. கிடைத்தால் அவற்றைத் தனியாக வாங்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: டயப்பர்

பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் டயப்பர். இதுதான் என் கட்சி. பக்கவாட்டில் ஒட்டும் வகையையே வாங்குங்கள். ஜட்டி போல ஏற்றும் வகை, தொப்புள்கொடி விழாத குழந்தைக்குச் சரிப்படாது. 5 கிலோ வரைக்குமான சிறிய அளவில் ஒரே ஒரு பாக்கெட் போதும். தள்ளுபடி என்று பெரிய கட்டாக வாங்கினால் தீரும் முன்பே குழந்தை வளர்ந்துவிடும். நடுவில் மஞ்சள் கோடு உள்ளதாகப் பாருங்கள். நனைந்தால் நிறம் மாறும், இருட்டில் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

நான்காம் படி: கூடை

மூடியில்லாத ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் மடித்த துணிகள், டயப்பர் நான்கைந்து, பஞ்சு உருண்டைகள், ஒரு சிறு கிண்ணம், தேங்காய் எண்ணெய், துத்தநாக ஆக்சைடு களிம்பு, துடைத்து உலர்த்த ஒரு மெல்லிய துண்டு. பக்கத்தில் பழைய செய்தித்தாளும் மூடி போட்ட ஒரு வாளியும். ஃபிளாஸ்கில் வெந்நீர் வைத்தால் கூடவே ஒரு பாட்டில் பச்சைத் தண்ணீரும் வேண்டும். கிண்ணத்தில் கலந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்த்த பிறகே பஞ்சை நனையுங்கள். ஃபிளாஸ்க் குழந்தையின் கால் பக்கம் இருக்கக் கூடாது.

ஈரத் துடைப்பான்கள் வெளியே போகும்போது மட்டும். அதுவும் வாசனை சேர்க்காதவை. பவுடர் கூடையில் இருக்கவே கூடாது. தூவும்போது பறக்கும் தூள் குழந்தையின் நுரையீரலுக்குள் போகும். சொல்லிக்கொண்டே இருங்கள், பார்க்க வருகிறவர்கள் பவுடர் டப்பாவோடுதான் வருவார்கள்.

ஐந்தாம் படி: மாற்றுவது

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மாற்றுத் துணியை விரித்துவிட்டுப் பழையதை அவிழுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் வரும் காட்டுப்பீ என்னும் முதல் மலம் கரும்பச்சையாகத் தார் போல ஒட்டும். தேய்க்காமல், எண்ணெயில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். துடைத்த பிறகு அந்த இடத்தில் மெல்லியதாக எண்ணெய் தடவிவைத்தால் அடுத்த முறை எளிதாக வந்துவிடும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். ஆண் குழந்தைக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ள முயலக் கூடாது.

ஒற்றி உலர்த்திய பிறகு கட்டுங்கள். முடிச்சும் டயப்பரின் மேல்விளிம்பும் தொப்புளுக்குக் கீழே நிற்க வேண்டும். கொடி காய்ந்து விழ ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதில் எண்ணெயோ மஞ்சளோ விபூதியோ வைக்காதீர்கள். டயப்பரின் தொடைப்பக்கச் சுருக்கங்களை விரலால் வெளியே இழுத்துவிடுங்கள். உள்ளே மடங்கியிருந்தால் அந்த வழியாகத்தான் ஒழுகும்.

முதல் வாரத்தில் பெண் குழந்தையின் துணியில் சிறு இரத்தக் கறை தெரியலாம். தாயின் ஹார்மோன் குறைவதால் வருவது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 6 முறையாவது சிறுநீர் போக வேண்டும். குறைந்தாலோ, முதல் சில நாள் சிறுநீரால் துணியில் படியும் செங்கல் நிறக் கறை அதன்பின்னும் தொடர்ந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். பால் போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம்.

துவைப்பதும் எறிவதும்

மலத்தைக் கழிப்பறையில் அலசிவிட்டு, வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். சோப்பு நுரை முற்றிலும் போகும்வரை அலச வேண்டும். தங்கிய சோப்பும் சிவப்புத் தடிப்புக்குக் காரணமாகலாம். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், துணி ஈரம் உறிஞ்சாது. மழை நாளில் பிழிந்த துணியைக் காய்ந்த துண்டில் சுருட்டி அழுத்தி, மின்விசிறிக்குக் கீழே கொடியில் இடைவெளி விட்டுப் போட்டு, கடைசி ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் போக்குங்கள். சாம்பிராணிப் புகையில் காட்ட வேண்டாம்.

டயப்பரைச் செய்தித்தாளில் இறுகச் சுற்றிக் குப்பையில் சேருங்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகளும் சுற்றித் தரச் சொல்கின்றன. கையால் குப்பை பிரிப்பவரை நினைத்தாவது இதைச் செய்ய வேண்டும்.

பின்சேர்க்கை

அரைஞாண் கட்டிய பிறகு என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கயிறு டயப்பருக்குள் போனால் நனைந்து, ஈரத்தோடு இடுப்பை அறுக்கும். ஒவ்வொரு முறையும் கயிற்றை மேலே தூக்கி டயப்பருக்கு வெளியே விடுங்கள். இரண்டு விரல் நுழையும் தளர்வு இருக்க வேண்டும். குழந்தை மாதத்துக்கு மாதம் பருக்கும், கயிறு நீளாது. தோல் சிவந்திருந்தால் ஆறும்வரை கழற்றி வையுங்கள். தொடை மடிப்பில் அடர்சிவப்பாகவும் சுற்றிலும் சிறு புள்ளிகளாகவும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பை வாங்கிப் பூசாமல், குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.