ரத்தப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபின்: கவுண்ட் பார்த்து நடப்பது எப்படி

டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் எழும் முதல் கேள்வி, இனி எதைச் சாப்பிடலாம், எங்கே போகலாம் என்பதுதான். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். நீங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பாருங்கள். மொத்த வெள்ளணு எண்ணிக்கையை நியூட்ரோபில் (கிருமியோடு போராடும் வெள்ளணு வகை) சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும். வெள்ளணு 2,000, நியூட்ரோபில் 20 சதவீதம் என்றால் 400. இதுதான் ஏஎன்சி, அதாவது நியூட்ரோபில் கவுண்ட். 500க்குக் கீழே இருந்தால் வீட்டோடு இருக்க வேண்டிய நாட்கள். 1,000ஐத் தாண்டி நிலைத்தால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஆரம்பிக்கலாம். கவுண்ட் இறங்கியிருந்தாலும் உடம்பு தெம்பாகவே தோன்றலாம், அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. எண்ணிக்கை ஏறிய பிறகும் பல மாதங்கள் எதிர்ப்பாற்றல் குறைவாகவே இருக்கும்.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் பேரமே கிடையாது. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை விட்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். முதலில் ஒரு பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் சூடு இறங்கும், கிருமி இறங்காது. வெள்ளணு இல்லாத உடம்பில் புண் சரியாகச் சிவக்காமல், சீழ் வைக்காமல் இருக்கலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அவசரப் பிரிவில் நுழைந்ததும் "கீமோ நோயாளி, கவுண்ட் குறைவு" என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். கையில் பிக் லைன் (மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) இருந்து, அதை ஃப்ளஷ் செய்த, அதாவது சலைன் விட்டுச் சுத்தம் செய்த சிறிது நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால் லைனிலேயே கிருமி இருக்கலாம். காய்ச்சல் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சாப்பாட்டில் சூடாகச் சமைத்தது எல்லாம் சரி. கவுண்ட் ஏறும்வரை பழைய சோறு, காலையில் அரைத்து வெளியே வைத்த தேங்காய்ச் சட்னி, அரைவேக்காட்டு முட்டை, ஓட்டல் வெங்காயப் பச்சடி, ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது ஆக வேண்டும். ஆரஞ்சைத் தோலோடு கழுவிய பிறகே நறுக்குங்கள், இல்லாவிட்டால் தோலின் அழுக்கைக் கத்தி உள்ளே இழுத்துவிடும். கோயில் தீர்த்தத்தைக் குடிக்காமல் தலையில் தெளித்துக்கொள்ளலாம், சாமி கோபிக்காது. பிளேட்லெட் ஏற பப்பாளி இலைச் சாறு கொண்டுவரும் உறவினர் எல்லா வீட்டிலும் உண்டு. பச்சைச் சாற்றில் கிருமி போகலாம். கல்லீரல் ரிப்போர்ட் கெட்டால் மருந்தாலா சாற்றாலா என்று டாக்டருக்கும் தெரியாது.

வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து பாதத்தை மரக்கச் செய்யும், ஸ்டீராய்டு தொடைச் சதையைத் தளர்த்தும். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாமல் போவது இதனால்தான். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைக் காலை மாலை 5 தடவை செய்யுங்கள், 10 நிமிட நடையில் தொடங்குங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். பாதம் மரத்திருக்கும்வரை பைக், ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம். பைக் பிரேக்கில் கால் இருப்பது தெரியாது, பிளேட்லெட் குறைவாக இருந்தால் சின்ன விழுதலே பெரிய ரத்தக்கசிவாகும்.

ஏஎல்எல் என்ற வகை ரத்தப் புற்றுநோய்க்கு, நோய் திரும்பாமல் இருக்க வீட்டில் தொடரும் பராமரிப்பு சிகிச்சையில் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. தினமும் போட்டுவிட்டால் வாய் முழுக்கப் புண்ணாகி, கவுண்ட் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். தனி டப்பாவில் வைத்து, கிழமையை எழுதி ஒட்டி, போட்டதும் காலண்டரில் குறியுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தரும் கோட்ரைமாக்சசோல், நிமோனியா வராமல் காக்க. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று அதை நிறுத்திவிடக் கூடாது.

வீட்டுக் குழந்தைக்கு, உயிருள்ள வைரஸ் கொண்ட போலியோ சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி போட முடியுமா என்று கேளுங்கள். அம்மை கண்ட ஒருவரோடு ஒரே அறையில் இருந்திருந்தால், கொப்புளம் வரும்வரை பொறுக்காமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வேப்பிலை கட்டுவதில் தவறில்லை, ஆனால் அம்மைக்கு மருந்து கூடாது என்ற வழக்கம் கீமோ எடுத்தவர்களுக்குப் பொருந்தாது.